வோஷே விழுங்கிவிட்டார்

லெயோன்ஸ் வோஷே துப்புவதைப் பார்ப்பதற்கென்றே எங்கள் மெர்சோ கிராமத்தில் ஆட்கள் ஒயின் நிலவறைப் படிகளில் வந்து நின்றதுண்டு. ஒயினை வாயில் வாங்குவார். இருபது எண்ணும் வரை இரண்டு கன்னத்துக்கும் மாற்றி மாற்றி உருட்டுவார். பிறகு உதட்டைக் குவித்து, இரண்டு பீப்பாய்களுக்கு நடுவே கிடக்கும் சரளைக்கல் மேல் ஒரே கோடாக அனுப்புவார். அவர் போட்டிருக்கும் கோட்டில் ஒரு சொட்டு பட்டதில்லை, பக்கத்தில் நிற்பவர் செருப்பில் தெறித்ததில்லை. முப்பத்தோரு வருடத் தரகு வேலையில் அவர் துப்பியதையெல்லாம் பிடித்து வைத்திருந்தால் தேவாலய மணிக்கூண்டு வரை நிரம்பியிருக்கும் என்று ஃபிர்மேன் ஒரு முறை கணக்குப் போட்டுச் சொன்னான். ஃபிர்மேன் கணக்கில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் கலந்திருக்கும்.

இந்த ஃபிர்மேன் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவன், அதனால் அவனுக்கு 'அவர்' போட எனக்கு வராது. லெயோன்ஸ் எங்களுக்கு மூத்தவர், மரியாதைக்குரிய மனிதர். ஆனால் சிரிக்காமல் அவரைப் பற்றிப் பேசுவதும் சிரமம்.

இங்கே திராட்சை வளர்த்து ஒயின் செய்கிறவர்கள் நாங்கள். அதை வாங்கித் தங்கள் பெயரில் விற்கிறவர்கள் போன் நகரத்து வணிகர்கள். இரண்டு தரப்பும் ஒருவரையொருவர் அவ்வளவாக நம்புவதில்லை. ஆகவே நடுவில் ஒரு தரகர் வேண்டும். அவர் நிலவறை நிலவறையாக இறங்கி, பீப்பாய் பீப்பாயாகச் சுவைத்து, போதை ஏறாமலிருக்கத் துப்பிவிட்டு, இது இன்ன தரம் என்று ஒரு சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவார். லெயோன்ஸின் சீட்டைக் கையில் வாங்கிய எந்த வணிகரும் அதற்குப் பிறகு கேள்வி கேட்டதில்லை.

தரகருக்கு வாய்தான் மூலதனம், அந்த வாயைத் திறக்கக் கூடாது என்பதுதான் தொழில் விதி. நிலவறையில் நின்றுகொண்டு 'அருமை' என்று சொல்லிவிட்டால் ஒயின்காரர் அந்த நொடியே விலையை ஏற்றிவிடுவார். 'சரியில்லை' என்றால் அடுத்த வருடம் கதவு திறக்காது. அதனால் லெயோன்ஸ் மூன்றே வார்த்தைகளில் காலத்தை ஓட்டினார். மட்டமாக இருந்தால் 'ம்'. சுமாராக இருந்தால் 'பார்க்கலாம்'. அதற்கு மேல் எதுவாக இருந்தாலும் 'குடிக்கலாம்'. அவர் முகம் ஞாயிற்றுக்கிழமைத் தபால் நிலையம் மாதிரி, எந்த நேரம் போனாலும் மூடியே இருக்கும்.

முகத்தைப் படிக்க முடியாத ஊர்க்காரர்கள் தொண்டையைப் படிக்க ஆரம்பித்தார்கள். எல்லாவற்றையும் துப்புகிற மனிதர் ஒன்றை விழுங்கினால் அதற்கு ஒரு அர்த்தம் இருக்கத்தானே வேண்டும்? அறுபத்திரண்டாம் வருடத்து ஒயின் ஒன்றை விழுங்கினார். எழுபத்தொன்றில் இன்னொன்றை விழுங்கினார். இரண்டு தடவையும் மறுநாளே போன் நகரத்திலிருந்து கார்கள் வந்து அந்த வீடுகளின் வாசலில் நின்றன. மூன்றாவதாக ஃபிர்மேன் வீட்டு ஒயினையும் விழுங்கினார் என்பது ஃபிர்மேனின் கட்சி. அன்று அவருக்கு விக்கல் என்பது மற்ற எல்லோருடைய கட்சி.

அந்த மூக்கையும் நாக்கையும் காப்பாற்ற அவர் பட்ட பாட்டைத் தனிக் கதையாகவே சொல்லலாம். மதியம் வரை காபி கிடையாது. வெங்காயம், பூண்டு வீட்டு வாசற்படி ஏறக் கூடாது. சோப்பில் வாசனை இருக்கக் கூடாது. முடிதிருத்துகிறவர் பிடரியில் வாசனைத் தண்ணீர் தெளித்துவிட்டார் என்று பக்கத்து ஊர்க் கடைக்கு மாறினார். இருபத்தெட்டு வயதில் ஷலோன் ஊர் மருந்துக்கடைக்காரர் மகளுக்கும் அவருக்கும் நிச்சயமாயிருந்தது. அந்தப் பெண் வயலட் பூ மணம் பூசிக்கொண்டு வந்தது. காரில் கூட்டிக்கொண்டு வரும்போது இவர் வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை, ஜன்னலை மட்டும் இறக்கிவிட்டார். அது ஜனவரி மாதம். பாதி வழியிலேயே நிச்சயம் முறிந்துவிட்டது.

அதன் பிறகு அவர் கல்யாணப் பேச்சின் பக்கமே போகவில்லை. துணி துவைக்கும் பழைய துறைக்குப் பின்னால் இருக்கும் வீட்டில் தனியாக இருந்தார். வாரநாளில் சூப், ஞாயிற்றுக்கிழமை கோழி. வீட்டில் என்ன குடிப்பீர்கள் என்று யாராவது கேட்டால், தண்ணீர் என்பார். கேலிக்குச் சொல்கிறார் என்று நினைப்பார்கள், அவர் உண்மையைத்தான் சொன்னார்.

மெலித்தீன் கர்ரோவின் நிலவறைக்கு அவர் வருடத்துக்கு ஒரு தடவை, பிப்ரவரியில், காலை பதினோரு மணிக்குப் போவார். காலை பதினொன்று என்பது நாக்கு மிகக் கூர்மையாக இருக்கிற நேரம். காலை உணவின் ருசி போயிருக்கும், மதியப் பசி லேசாகத் தொடங்கியிருக்கும். பெரிய பெரிய வீட்டுக்காரர்களெல்லாம் அந்த நேரத்துக்குத் தவம் கிடக்க, மூன்று சின்னத் துண்டு நிலம் வைத்திருந்த ஒரு விதவைக்கு அவர் அதை ஒதுக்கினார். ஏன் என்று ஊருக்கே தெரியும். ஊருக்குத் தெரியும் என்பது அவருக்கு மட்டும் தெரியாது.

மெலித்தீன் கல்யாணத்துக்கு முன்பு போன் நகரத்தில் மணப்பெண் உடைகள் தைத்துக்கொண்டிருந்தவர். கணவர் ஓபேன் எழுபத்தொன்பது ஆகஸ்டில் கொடி வரிசைக்கு நடுவிலேயே மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், அப்புறம் எழுந்திருக்கவில்லை. அறுவடைக்கு ஆறு வாரம் இருந்தது. நிலத்தை விற்றுவிடுவார் என்று நாங்கள் எதிர்பார்த்தோம். விற்கவில்லை. ஊசி பிடித்த கையால் கொடி வெட்டக் கற்றுக்கொண்டார், பீப்பாய் கழுவக் கற்றுக்கொண்டார். அந்த வருடத்திலிருந்து லெ ஷௌமோ என்ற துண்டில் விளைகிற வெள்ளை ஒயினை அவரே செய்தார். ஒவ்வொரு பிப்ரவரியிலும் லெயோன்ஸ் வருவார், சுவைப்பார், துப்புவார், 'குடிக்கலாம்' என்பார், போவார். இப்படி எட்டு வருடம் போனது.

ஒன்பதாவது வருடம்தான் விஷயம் நடந்தது. செவ்வாய்க்கிழமை. நிலவறையில் போன செப்டம்பரில் அறுத்த திராட்சையின் ஒயின் நான்கு பீப்பாய்களில் இருந்தது. மெலித்தீன் கண்ணாடிக் குழாயால் பீப்பாயிலிருந்து கொஞ்சம் உறிஞ்சி அவர் கோப்பையில் விட்டார். முதல் பீப்பாயைத் துப்பினார். இரண்டாவதைத் துப்பினார். மூன்றாவதையும் துப்பினார். பம்ப் இரவல் கேட்க வந்த ஃபிர்மேன் படியில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தான். நான்காவதை லெயோன்ஸ் வாயில் வாங்கி உருட்ட ஆரம்பித்தார். ஏழோ எட்டோ எண்ணியிருப்பார், அப்போது மெலித்தீன் ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார்:

"முசே வோஷே, உங்க கோட்டுல மேல் பட்டன் நூல்ல தொங்குது. மேல வந்ததும் கழட்டிக் குடுங்க, தைச்சுத் தரேன்."

லெயோன்ஸுக்கு ஐம்பத்தெட்டு வயது. அம்மா இறந்ததிலிருந்து அவர் பட்டனை அவரேதான் தைத்துக்கொள்கிறார், அதுவும் மோசமாக. தன் கோட்டை இன்னொருவர் கவனித்துப் பார்ப்பார் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. தொண்டை ஒரு தடவை மேலே போய்க் கீழே வந்தது. ஒயின் உள்ளே போய்விட்டது.

போன பிறகுதான் அவருக்கே தெரிந்தது. படியில் நின்ற ஃபிர்மேனுக்கு அதற்கு முன்பே தெரிந்துவிட்டது. அவன் பம்பையும் மறந்து, வந்த வழியே ஓடினான். லெயோன்ஸ் கோப்பையைக் கீழே வைத்து, 'குடிக்கலாம்' என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டு, கோட்டைக் கழற்றாமலே கிளம்பிப் போனார்.

பன்னிரண்டரைக்கு ரொட்டிக்கடை சாத்துவதற்குள் ஊர் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. வோஷே விழுங்கிவிட்டார். பதினேழு வருடத்துக்குப் பிறகு, அதுவும் கர்ரோ வீட்டு நான்காவது பீப்பாயை. காபிக்கடையில் ஃபிர்மேன் அந்தத் தொண்டை எப்படி அசைந்தது என்று தன் தொண்டையால் நடித்துக் காட்டினான். ஒவ்வொரு தடவையும் நடிப்பதற்கு அவனுக்கு ஒரு கோப்பை ஒயின் தேவைப்பட்டது. லெ ஷௌமோ பக்கத்தில் நிலம் வைத்திருந்தவர்கள் தங்கள் மண்ணும் அதே மண்தானே என்று பேசத் தொடங்கினார்கள். அதுவரை அந்தத் துண்டைக் கோழி மேய்கிற இடம் என்று சொன்னவர்களும் அவர்கள்தான்.

மதியம் இரண்டு மணிக்கு லெயோன்ஸ் வீட்டுத் தொலைபேசி மணி அடித்தது. போன் நகரத்து வணிகர் பெல்லிசார். மனிதருக்குக் கடும் ஜலதோஷம்.

"வோஷே, விழுங்கினீங்களாமே?"

"விழுங்கினேன்," என்றார் லெயோன்ஸ். அது உண்மைதானே.

"போதும். இந்த வாரம் எனக்கு மூக்கே இல்ல, மாதிரி அனுப்பிப் பிரயோஜனம் இல்ல. நாலு பீப்பாயும் எனக்குத்தான். வெள்ளிக்கிழமை காலைல உங்க சீட்டு என் மேஜைக்கு வந்துடணும். விலையை அந்த அம்மாவே சொல்லட்டும்."

லெயோன்ஸ் ரிசீவரை வைத்துவிட்டுச் சீட்டுப் புத்தகத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். அதில் தரத்தை எழுத ஒரே ஒரு வரிதான் உண்டு. அந்த வரியில் அவர் இதுவரை ஒரு பொய்யும் எழுதியதில்லை. மற்றவர்கள் சொத்து என்று எதையெதையோ சொல்வார்கள், அவருக்குச் சொத்து அந்த வரி ஒன்றுதான். நான்காவது பீப்பாயில் விழுங்கும்படியாக ஒன்றும் இல்லை என்பது அவர் நாக்குக்குத் தெரியும். 'மிக உயர்ந்தது' என்று எழுதினால் முப்பத்தோரு வருட நேர்மை போகும். 'சாதாரணம்' என்று எழுதினால் ஊர் மெலித்தீனைப் பார்த்துச் சிரிக்கும். பட்டன் விஷயத்தைச் சொன்னால் தன்னைப் பார்த்துச் சிரிக்கும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், அதைக் கேட்டு மெலித்தீன் என்ன நினைப்பார் என்பதைத்தான் பொறுக்க முடியாது.

புதன்கிழமை தெருவில் மெலித்தீனைத் தூரத்திலிருந்து பார்த்தார். கறுப்பும் சாம்பலுமாகவே உடுத்தி வந்தவர் அன்று நீலக் கழுத்துத்துணி கட்டியிருந்தார். ரொட்டிக்கடைக்காரர் வாசல் வரை வந்து வழியனுப்பினார். எட்டு வருடமாகத் தலையாட்டிவிட்டு மட்டும் போனவர்கள் நின்று பேசினார்கள். அந்த நடையைப் பார்க்க லெயோன்ஸுக்குச் சந்தோஷமாக இருந்தது. இந்தச் சந்தோஷமெல்லாம் தன் தொண்டை செய்த கோளாறு என்று நினைத்ததும் சந்தில் திரும்பி வீட்டுக்குப் போனார். அன்று அவர் சூப்கூடக் குடிக்கவில்லை.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு, எழுதாத சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மறுபடி அந்த நிலவறைப் படி இறங்கினார். மெலித்தீன் ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார். முன்னால் இரண்டு கோப்பைகள். நீலத் துணி கழுத்தில் இல்லை.

"வாங்க முசே வோஷே. ரெண்டு நாளா நாலாவது பீப்பாயை ஏழு தடவை ருசி பார்த்துட்டேன். மூணாவதையும் பக்கத்துல வெச்சுப் பார்த்தேன். எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியல. எனக்கு நாக்கு இல்லையா, இல்ல அதுல ஒண்ணும் இல்லையா? அப்படி என்னத்தைக் கண்டீங்க?"

இதோ, தப்பித்துக்கொள்ள நல்ல வாய்ப்பு. தேர்ந்த தரகர் யாராக இருந்தாலும் கண்ணை லேசாக மூடி, இன்னும் ஆறு மாதத்தில் தெரியும் என்று ஒரு போடு போட்டிருப்பார். லெயோன்ஸும் கண்ணை மூடினார். மூடிய கண்ணுக்குள்ளும் அந்த ஏழு கோப்பைகள்தான் தெரிந்தன. தன்னில் குறை இருக்கிறதா என்று ஒருவர் தனியாக உட்கார்ந்து ஏழு தடவை தேடியிருக்கிறார்.

"ஒண்ணும் இல்ல மதாம். மூணாவது எப்படியோ அப்படித்தான் நாலாவதும்."

"பின்ன ஏன் விழுங்கினீங்க?"

"நீங்க பட்டனைத் தைச்சுத் தரேன்னு சொன்னீங்க."

நிலவறையில் எங்கோ நீர் சொட்டிக்கொண்டிருந்தது. லெயோன்ஸின் காது நுனி வரை சிவந்துவிட்டது. வெள்ளை ஒயினிலேயே வாழ்ந்த மனிதர் இவ்வளவு சிவப்பாகி நான் கேள்விப்பட்டதில்லை. கடைசியில் மெலித்தீன் வாய் திறந்தபோது பட்டனைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை.

"சரி. மூணாவது எப்படி இருக்கு? ஒரே வார்த்தையில சொல்லாதீங்க."

லெயோன்ஸ் கோப்பையை எடுத்தார். முகர்ந்தார், உருட்டினார், துப்பினார். பிறகு வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு நிலவறைக்குள் நின்று ஒரு ஒயினைப் பற்றி விவரமாகப் பேசினார்.

"வெண்ணெய் இருக்கு, வறுத்த பாதாம் இருக்கு, தேன்கூட இருக்கு. எல்லாம் இருந்தும் எல்லாம் உட்கார்ந்தே இருக்கு மதாம், எழுந்து நடக்க மாட்டேங்குது. புளிப்புதான் இதை நிமிர்த்தி நிறுத்தணும், அது போயிடுச்சு. நீங்க ஒரு வாரம் தாமதமா அறுக்கறீங்க. ஊரே அறுத்து முடிச்ச பிறகும் உங்க பழம் கொடியிலயே தொங்குது. அதனால நாக்குல வந்து விழுது, ஆனா தங்கறது இல்ல."

மெலித்தீனின் முகம் மாறியது. பட்டனுக்கு வராத கோபம் இதற்கு வந்தது.

"இது எப்போலேருந்து தெரியும் உங்களுக்கு?"

"ஆறு ஏழு வருஷமா."

"ஆறு ஏழு வருஷமா. நான் செப்டம்பர்ல வானத்தைப் பார்த்துக்கிட்டு, ஆலங்கட்டி விழுமோ பூஞ்சை வருமோன்னு உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு நிக்கறேன். நீங்க பிப்ரவரில வந்து 'குடிக்கலாம்'னு ஒரு வார்த்தையைப் போட்டுட்டுப் போறீங்க. ஏன் சொல்லல?"

"சொன்னா அடுத்த வருஷம் கதவைத் திறக்க மாட்டீங்களோன்னு பயம்."

"ஒரு வருஷம் திறந்திருக்க மாட்டேன்தான்," என்றார் மெலித்தீன். "அடுத்த வருஷம் திறந்திருப்பேன்."

அதற்கு மேல் அவர் அங்கே நிற்கவில்லை. விறுவிறுவென்று படியேறினார். லெயோன்ஸ் பின்னாலேயே போனார், என்ன செய்யப்போகிறார் என்று தெரியாமலே. சமையலறைச் சுவரில் தொலைபேசி இருந்தது. மெலித்தீன் போன் நகர எண்ணைச் சுழற்றி, பெல்லிசாரையே கூப்பிடச் சொன்னார். சீட்டைத் தானே எழுதிக் கொடுத்துவிடுவதாகவும், பேச வேண்டியதைத் தானே பேசிக்கொள்வதாகவும் லெயோன்ஸ் பக்கத்தில் நின்று முணுமுணுத்ததை அவர் காதில் வாங்கவில்லை.

"முசே பெல்லிசார், மெலித்தீன் கர்ரோ பேசறேன். முசே வோஷே விழுங்கினது என் ஒயினுக்காக இல்ல. அந்த நேரம் பார்த்து நான் அவரோட கோட்டுப் பட்டனைத் தைச்சுத் தரேன்னு சொன்னேன், அதுல விழுங்கிட்டார். ஒயின் வழக்கமான ஒயின்தான். வழக்கமான விலைக்கு வேணும்னா எடுத்துக்குங்க, இல்லன்னா பரவாயில்ல."

மறுமுனையில் முதலில் இருமல் வந்தது, பிறகு சிரிப்பு வந்தது, பிறகு சிரிப்பில் புரையேறி மறுபடி இருமல் வந்தது. கடைசியில் பெல்லிசார், வழக்கமான விலைக்கே நாலு பீப்பாயும் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். இப்படி உண்மை பேசுகிற வீட்டில் வாங்குவது தன் ஜலதோஷத்துக்கு நல்லது என்றும் சொன்னார். அவருடைய அலுவலகத்தில் எத்தனை காதுகள் கேட்டிருக்கும், அவற்றில் எத்தனை மெர்சோவில் மாமன் மச்சான் உள்ளவை என்பதை லெயோன்ஸ் நினைத்துப் பார்த்து, நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மாலைக்குள் ஃபிர்மேன் காபிக்கடையில் பட்டனை வைத்துப் புது நடிப்பு ஆரம்பித்துவிடுவான். ஆரம்பித்தான்தான். ஒரு மாதம் ஓடியது.

"உட்கார்ந்தது நல்லதாப் போச்சு. கோட்டைக் குடுங்க," என்றார் மெலித்தீன்.

கோட்டை வாங்கி நாற்காலி முதுகில் போட்டார். மறுபடி நிலவறைக்குப் போய்க் கூடையில் எட்டு போத்தல்கள் கொண்டுவந்தார். எதிலும் பெயர்ச்சீட்டு ஒட்டியிருக்கவில்லை. எங்கள் நிலவறைகளில் விற்கும் நாள் வரை போத்தல்கள் அப்படி வெறுமையாகத்தான் கிடக்கும். கழுத்தில் சாக்கட்டியால் வருடம் மட்டும் எழுதியிருந்தது. எண்பத்தாறிலிருந்து பின்னோக்கி ஒவ்வொன்றாகத் திறந்து வைத்தார். ஒரு தட்டில் சீஸ் சேர்த்துச் சுட்ட மாவு உருண்டைகள் வைத்தார். தொட்டி உங்கள் இடது பக்கம், துப்பிக்கொள்ளுங்கள், ஆனால் ஒவ்வொன்றைப் பற்றியும் முழுசாகச் சொல்ல வேண்டும் என்றார். தானும் எதிரில் உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்தார்.

லெயோன்ஸ் சொன்னார். எண்பத்தாறு அழகானது, ஆனால் மரத்தின் வாசனை தூக்கல், புதுப் பீப்பாய் ஒன்று குறைத்திருக்கலாம். எண்பத்தைந்து பருத்திருக்கிறது, விருந்துக்குப் பிறகு தூங்குகிற ஆள் மாதிரி. எண்பத்து நான்கில் மழை, அதில் யார் மேலும் குற்றமில்லை. எண்பத்து மூன்று வெயிலில் வெந்துபோய்க் கிடக்கிறது, இதைக் கண்ணை மூடிக் கொடுத்தால் எங்கோ தெற்கத்தி ஒயின் என்பேன். ஒவ்வொன்றையும் சொல்லச் சொல்ல அவருக்கு வாய் லகுவாகிக்கொண்டே வந்தது. இவ்வளவு வார்த்தைகள் தன்னிடம் எங்கே இருந்தன என்று அவருக்கே ஆச்சரியம். மெலித்தீன் நடுநடுவே பல்லுக்கிடையில் நூலை வைத்துக்கொண்டே, 'பொய்', 'அது சரி', 'அந்த வருஷம் பம்ப் ஃபிர்மேன்கிட்ட மாட்டிக்கிச்சு' என்று வாதாடினார். எல்லாத் தொல்லைகளிலும் ஃபிர்மேன் எங்காவது இருந்தான்.

கடைசிப் போத்தலைத் திறக்கும்போது மெலித்தீன் கொஞ்சம் தயங்கினார்.

"இது எழுபத்தொன்பது. இதை விட்டுடலாம். ஓபேன் தவறிப்போன வருஷம். எனக்கு அப்போ ஒண்ணுமே தெரியாது. எல்லாருக்கும் முன்னாடி அறுத்துட்டேன், ஏன்னா அன்னிக்குத்தான் ஆள் கெடைச்சுது. தண்ணி மாதிரி இருக்குன்னு ஃபிர்மேன் சொன்னான்."

லெயோன்ஸ் கோப்பையை நீட்டினார். ஒன்பது வருடமாகியும் நிறம் கெடவில்லை, ஓரத்தில் இன்னும் லேசான பச்சை இருந்தது. முகர்ந்தார். முதலில் தீக்குச்சி உரசிய மணம், பிறகு எலுமிச்சைத் தோல், பிறகு மழை நனைத்த சுண்ணாம்புக் கல். வெகுநேரம் கழித்துத்தான், தூரத்திலிருந்து, வறுத்த பாதாம் வந்தது. வாயில் வைத்ததும் அது நிமிர்ந்து நின்றது. இருபது எண்ணி, முப்பது எண்ணி, தொட்டியைத் தேடாமலே விழுங்கினார். இந்தத் தடவை யாரும் எதுவும் பேசியிருக்கவில்லை. விழுங்கிய பிறகும் அது போகாமல் நாக்கிலேயே நின்றது.

"இது நல்ல ஒயின், மதாம். ரொம்ப நல்ல ஒயின்."

மெலித்தீன் ஊசியைக் கீழே வைத்தார். "கேலி பண்ணாதீங்க."

"எனக்குக் கேலி பண்ண வராது. உங்களுக்கே தெரியும்."

"இதையும் துப்பினீங்களே. எண்பது பிப்ரவரில. நான் பக்கத்துலதான் நின்னு பார்த்துக்கிட்டு இருந்தேன்."

"துப்பினேன்." லெயோன்ஸ் கோப்பையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "அன்னிக்கே தெரியும், இது விழுங்க வேண்டிய ஒயின்னு. ஓபேன் போய் ஆறு மாசம்கூட ஆகல. நான் விழுங்கியிருந்தா ஊர் என்ன பேசும்? தரகன் விதவையை வளைக்கப் பார்க்கறான்னு பேசும். உங்க பேர் கெட்டுடக் கூடாதேன்னு துப்பிட்டேன்."

மெலித்தீனின் கண்கள் நிறைந்துவிட்டன. அவர் அதைத் துடைக்கவும் இல்லை, மறைக்கவும் இல்லை.

"அன்னிக்கு உங்க தொண்டையைத்தான் பார்த்துக்கிட்டு இருந்தேன். நீங்க துப்பினதும், பழம் பத்தல, இன்னும் பழுக்கணும் போலருக்குன்னு நினைச்சேன். அடுத்த வருஷம் ஒரு நாள் கூடக் காத்திருந்தேன். அதையும் துப்பினீங்க. அதுக்கடுத்த வருஷம் இன்னும் ஒரு நாள். இப்படியேதான் ஒரு வாரம் ஆச்சு, முசே வோஷே. நீங்க விழுங்கணும்னுதான்."

லெயோன்ஸ் வோஷே தன் வாழ்க்கையில் எத்தனையோ ஒயினைத் தரம் பார்த்துச் சீட்டில் எழுதியிருக்கிறார். தன் மௌனத்தைத் தரம் பார்த்தது அன்றுதான். எட்டு அறுவடையை ஒரு பெண் அவர் தொண்டையைப் பார்த்துக் கெடுத்துக்கொண்டிருக்கிறார். முதல் வருடமே செய்தது சரியாக இருந்தும், சரி என்று சொல்ல ஒரு வாய் இல்லாமல் போய்விட்டது. மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வேண்டும் என்று தோன்றியது, ஆனால் அந்த வார்த்தை அவருக்கே ரொம்பச் சின்னதாகப் பட்டது.

மெலித்தீன் எழுபத்தொன்பதில் மிச்சமிருந்ததை இரண்டு கோப்பையிலும் சரிபாதியாக ஊற்றினார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"சரி, சொல்லுங்க. இந்த வருஷம் என்னிக்கு அறுக்கணும்?"

"செப்டம்பர் பத்தொன்பது," என்றார் லெயோன்ஸ், யோசிக்காமல்.

அப்போது பிப்ரவரி. வெளியே கொடிகளெல்லாம் வெட்டுப்பட்டு, காய்ந்த குச்சியாக நின்றுகொண்டிருந்தன. பூத்த நாளிலிருந்து நூறு நாள் எண்ணித்தான் எங்கள் ஊரில் யாரும் அறுவடைத் தேதியைப் பற்றி வாயைத் திறப்பார்கள். பூப்பதற்கே இன்னும் நாலு மாதம் இருந்தது. மெலித்தீனுக்கு ஈரக் கண்ணோடு சிரிப்பு வந்துவிட்டது.

"கொடி இன்னும் துளிர்க்கவே இல்லையே, முசே வோஷே."

"தெரியும்," என்றார் அவர். "தேதி தப்பாப் போனா போகட்டும். தினம் வந்து மாத்திச் சொல்றேன். இனிமே உங்ககிட்ட எதையும் தாமதமாச் சொல்றதா இல்ல."